நெரிசல் சிமுலேஷன் ரோட்டைப் போல ஓடவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிப்பது எப்படி

கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையையோ, சூளகிரி பக்கம் லாரிகள் ஊர்ந்து போவதையோ கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கலாம் என்று உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். திரையில் ஓடும் டிராபிக் ரோட்டில் ஓடுவது மாதிரி இல்லை என்று தெரிந்ததும் ஓட்டுநரின் குணத்தைத் திருக ஆரம்பித்துவிடுகிறார்கள். இடைவெளி நேரத்தை (முன்வண்டிக்கு எத்தனை விநாடி பின்னால் வருகிறான் என்பதை) குறை, ஆக்சிலரேஷனை ஏற்று, சிக்மாவை (ஓட்டுநரின் தடுமாற்ற அளவை) மாற்று, மறுபடி ஓட்டு. விடிய விடிய இதே வேலை. ஆனால் ஓட்டுநரைத் தொடுவது கடைசியில் செய்ய வேண்டியது. வண்டி எப்படி உள்ளே வருகிறது, எங்கே வெளியே போகிறது, நீங்கள் எந்த இடத்தில் நின்று எண்ணினீர்கள், எத்தனை விநாடிக்கு ஒருமுறை கணக்குப் போகிறது, இதையெல்லாம் முதலில் பார்த்துவிட்டால் பாதிக் கோளாறு அங்கேயே அகப்பட்டுவிடும்.

சுமோ (SUMO) என்ற டிராபிக் சிமுலேஷன் மென்பொருளை வைத்துத்தான் சொல்லப்போகிறேன். ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையம் 2001-லிருந்து இலவசமாகக் கொடுத்து வருவது. விசிம் என்ற இதே மாதிரி மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கும், பைத்தானில் சொந்தமாக எழுதுகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒரு படம் போட்டுவிடுங்கள். கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தில் தூரம், ஒரு வண்டிக்கு ஒரு கோடு, ஒரு படத்துக்கு ஒரு லேன். சுமோவில் எஃப்.சி.டி. அவுட்புட் என்று ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு விநாடியும் ஒவ்வொரு வண்டியும் எங்கே, எந்த வேகத்தில் என்று கொட்டிவிடும். அதிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர், ஒரு இருபது நிமிடம் எடுத்தால் போதும். கோடு படுத்துவிட்டால் வண்டி நிற்கிறது. பாதியில் அறுந்தால் வண்டி லேன் மாறியிருக்கிறது, இல்லையென்றால் காணாமல் போயிருக்கிறது. சராசரி வேகப் பட்டியலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இதெல்லாம் கண்ணில் படவே படாது.

ஜாமே வர மாட்டேன் என்கிறது

அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, நீங்கள் எண்ணிய இடம். டோலுக்குக் கொஞ்சம் முன்னால், வரிசைக்கு நடுவிலேயே நின்று ஒரு லேனில் மணிக்கு 1200 வண்டி என்று எண்ணி வந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே சிமுலேஷனில் கொடுக்கிறீர்கள். வண்டிகள் வழுக்கிக்கொண்டு போகின்றன. போகத்தான் செய்யும், ஏனென்றால் கார்கள் மட்டும் ஓடும் ஒரு நெடுஞ்சாலை லேன் மணிக்கு ஏறக்குறைய 2000 வண்டி வரை தாங்கும். ஜாமுக்குள் நின்று எண்ணினால் கிடைப்பது எத்தனை வண்டி வர நினைத்தது என்பதல்ல, முன்னால் இருக்கும் குறுகல் எத்தனை வண்டியை விட்டது என்பதுதான். அதே 1200 காலியான ரோட்டிலும் வரும், அடைத்துக் கிடக்கிற ரோட்டிலும் வரும், எண்ணிக்கையை மட்டும் வைத்து எதுவென்று சொல்ல முடியாது. வரிசையின் வாலுக்கும் பின்னால், வண்டிகள் இன்னும் சாதாரண வேகத்தில் வந்துகொண்டிருக்கும் இடத்தில் எண்ணுங்கள். மாம்பழ சீசனில் வரிசை எதுவரை நீளும் என்று ரோட்டோரக் கடைக்காரரிடம் கேட்டால் உங்கள் கூகுள் மேப்பைவிடச் சரியாகச் சொல்வார்.

இரண்டாவது, வாசலிலேயே அடைப்பு. சுமோவில் எதுவும் சொல்லாமல் விட்டால் வண்டி பூஜ்ய வேகத்தில், முதல் லேனில் பிறக்கும். பின்னால் வருவது உள்ளே நுழைய இடமில்லாமல் ரோட்டுக்கு வெளியே, திரையில் தெரியாத ஒரு வரிசையில் காத்திருக்கும். உங்கள் ஜாம் அங்கே இருக்கிறது, படத்தில் இல்லை. சுமோ எழுதும் சுருக்கக் கணக்கான சம்மரி அவுட்புட்டில் காத்திருப்போர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். ஏறினால் புறப்படும் வேகத்தை மேக்ஸ் என்றும், லேனை ஃப்ரீ அல்லது பெஸ்ட் என்றும் வையுங்கள். அப்படியும் ஏறினால், வரிசை வளர்ந்து வாசல் வரை வந்துவிட்டது என்று அர்த்தம்; ரோட்டைப் பின்பக்கம் இரண்டு மூன்று கிலோமீட்டர் நீட்டிவிடுங்கள்.

மூன்றாவது, டெலிபோர்ட். நகர முடியாமல் 300 விநாடி நின்ற வண்டியை சுமோ தூக்கி முன்னால் போட்டுவிடும். நகரச் சாலைகளில் நாலு பக்கமும் பூட்டிக்கொண்டால் அவிழ்க்க இது உதவும், நெடுஞ்சாலை நெரிசலைப் படிக்கிறவனுக்கு இது பரம எதிரி, கஷ்டப்பட்டுச் சேர்த்த ஜாமைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். டைம்-டு-டெலிபோர்ட்டை மைனஸ் ஒன்று ஆக்கிவிட்டு ஓட்டுங்கள். அப்புறம் எல்லாம் உறைந்து நின்றால் நல்லதுதான், எங்கே பூட்டிக்கொள்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

டோலில் மட்டும் வரிசை கட்டவில்லை

பெரும்பாலும் எல்லா வண்டிக்கும் ஒரே நிற்கும் நேரம் கொடுத்திருப்பீர்கள். ஒரு சின்னக் கணக்கு: பூத்தில் 10 விநாடி, அடுத்த வண்டி நகர்ந்து வந்து நிற்க 5 விநாடி என்றால், ஒரு பூத் மணிக்கு 240 வண்டிதான் விடும். வருவது 200 என்றால் வரிசையே இருக்காது என்று கணக்கு சொல்லும். நிஜத்தில் 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகும் ஒரு டேகில் காசு இல்லை, ஒன்று ஸ்கேன் ஆகவில்லை, டிரைவர் இறங்கிப் பேசுகிறார், பின்னால் ஹாரன். சராசரி 10 விநாடியாகவே இருக்கட்டும், அது 4-லிருந்து 60 வரை சிதறினால் வரிசை தானாக வரும். நிற்கும் நேரத்தை ஒரு பரவலிலிருந்து எடுங்கள், நீளமான வால் உள்ள பரவலாகப் பார்த்து, அதாவது எப்போதாவது ரொம்ப நீண்ட நேரமும் வரும்படி.

ஜாம் வருகிறது, ஆனால் அலை சரியில்லை

நெரிசலில் நின்று நின்று போகும்போது அந்த நிற்கும் பகுதி தனியாக ஒரு அலையாகப் பின்னோக்கி நகரும். முன்னால் இருக்கிற வண்டி கிளம்புகிறது, பின்னால் புதிதாக ஒன்று வந்து ஒட்டிக்கொள்கிறது. பல நாடுகளின் நெடுஞ்சாலைகளில் அளந்ததில் அதன் வேகம் மணிக்கு 15 முதல் 20 கிலோமீட்டருக்குள்தான் பெரும்பாலும் விழுகிறது. உங்கள் படத்தில் படுத்த கோடுகள் சேர்ந்து ஒரு பட்டையாகத் தெரியுமே, அதன் சாய்வை ஸ்கேல் வைத்து அளந்தாலே போதும்.

அலை முன்னோக்கிப் போனால் அது ஜாமே அல்ல, மெதுவாகப் போகும் ஏதோ ஒரு வண்டிக்குப் பின்னால் மற்றவை சேர்ந்து போகின்றன. ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் அது குறுகல், அங்கே லேன் எண்ணிக்கையையும் வேக வரம்பையும் பாருங்கள். பின்னோக்கித்தான் போகிறது, ஆனால் வேகம் அதிகம் என்றால் இதைப் போட்டுப் பாருங்கள்: வண்டியின் நீளத்தோடு நிற்கும்போது விடும் இடைவெளியைக் கூட்டி, அதை இடைவெளி நேரத்தால் வகுத்தால் அலையின் வேகம் சுமாராக வந்துவிடும். 5 மீட்டர் கார், 2 மீட்டர் இடைவெளி, 1.5 விநாடி என்றால் விநாடிக்கு 4.7 மீட்டர், அதாவது மணிக்கு 17 கிலோமீட்டர். சரியான இடம். ஓட்டுநர் முன்வண்டியை எப்படிப் பின்தொடர்கிறார் என்று கணக்கிடும் சுமோவின் க்ராவுஸ் மாடலில் தானாக வரும் மதிப்புகள் 5 மீட்டர், 2.5 மீட்டர், 1 விநாடி. வகுத்தால் 7.5, மணிக்கு 27 கிலோமீட்டர்! டீஃபால்ட்டில் ஓட்டிவிட்டு அலை ஏன் இப்படிப் பறக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். லாரிகள் கலந்தால் நீளம் கூடுவதால் வேகம் இன்னும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும், 12 மீட்டர் லாரி 3 மீட்டர் விட்டு 2 விநாடி வைத்தாலும் 27 வரும், அதைத் தப்பு என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள்.

எல்லோரும் அணிவகுப்பு மாதிரி ஒரே சீராகப் போகிறார்கள்

அடர்த்தி இருக்கிறது, வேகம் குறைந்திருக்கிறது, ஆனால் நின்று போகும் அலையே இல்லை. எல்லோரும் மணிக்கு 30-ல் ஒழுங்காகப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். நம் ஊர் ரோட்டில் இந்தக் காட்சியை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

இங்கேதான் முதல்முறையாக ஓட்டுநரைத் தொட வேண்டியிருக்கிறது. ஜப்பானில் சுகியாமா குழுவினர் 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டத்தில் 22 கார்களை விட்டு, எல்லோரும் மணிக்கு 30 கிலோமீட்டரில் போங்கள் என்றார்கள். குறுகலும் இல்லை, சிக்னலும் இல்லை, லேன் மாற்றமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் தானாகவே ஜாம் பிறந்து பின்னோக்கி நகர்ந்தது. 2008-ல் வெளியிட்டார்கள். உங்கள் மாடலையும் இப்படி ஒரு வட்டத்தில் விட்டுப் பாருங்கள், நீளமான நெடுஞ்சாலையில் தேடுவதைவிட இது எவ்வளவோ சுலபம். ஆனால் அதே 230 மீட்டரை எடுத்தால் ஏமாறுவீர்கள்: 22 வண்டி என்றால் ஒன்றுக்கு பத்தரை மீட்டர், 5 மீட்டர் வண்டி போக ஐந்தரை மீட்டர் இடைவெளி, அதில் 2 மீட்டர் நிற்கும் இடைவெளி, மீதி மூன்றரையை 1.5 விநாடியால் வகுத்தால் மணிக்கு 8 கிலோமீட்டர் சொச்சம்தான் போக முடியும். வட்டத்தை 500, 550 மீட்டராக்கிக் கொள்ளுங்கள். கிளம்பும்போது ஒரு வண்டியை மட்டும் ஒரு விநாடி லேசாக பிரேக் பிடிக்க வையுங்கள். அந்தக் குலுக்கல் ஒவ்வொரு வண்டியாகப் பின்னால் போகும்போது பெரிதாகிறதா, அமுங்கிப்போகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஐ.டி.எம். என்ற இன்னொரு பின்தொடர் மாடலில் இதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஆக்சிலரேஷன்தான். ட்ரைபர், ஹென்னெக்கே, ஹெல்பிங் மூவரும் 2000-ல் அந்த மாடலைக் கொண்டுவந்தபோது வைத்த ஆக்சிலரேஷன் 0.73 மீட்டர்/விநாடி², இடைவெளி நேரம் 1.6 விநாடி, சுகமான பிரேக் 1.67. இந்த மதிப்பில் அலை பெரிதாகும். ஆக்சிலரேஷனை 2 ஆக்கினால் அமுங்கிவிடும். காரணம் புரிந்துகொள்ளக் கஷ்டமில்லை: மந்தமாக வேகம் பிடிக்கிறவன் முன்னால் விழும் இடைவெளியைத் தாமதமாக மூடுகிறான், தாமதமாக மூட வந்தவன் தேவைக்கு மேல் பிரேக் அடிக்கிறான், அடுத்தவன் அதற்கும் மேல். ஊர்ந்து போகும் வேகத்துக்கு ஒரு விரல் கணக்கு உண்டு, நிற்கும் இடைவெளியை இடைவெளி நேரத்தின் வர்க்கத்தால் வகுங்கள். 2 மீட்டர், 1.5 விநாடி என்றால் 0.89. ஆக்சிலரேஷன் அதற்குக் கீழே இருந்தால் ஆட்டம் காணும். நிறைய பேர் கார் விளம்பரத்தில் வரும் ஆக்சிலரேஷனை எடுத்து மாடலில் போடுகிறார்கள். ஜாமில் யாரும் அப்படி மிதிப்பதில்லை.

க்ராவுஸில் வேலை வேறு மாதிரி. அங்கே ஆட்டத்தைக் கொண்டுவருவது சிக்மா, ஓட்டுநரின் தடுமாற்றம். அதை ஏதோ டெஸ்ட் பண்ண பூஜ்யம் ஆக்கி அப்படியே மறந்திருப்பீர்கள், பாருங்கள். வேக வரம்பை ஒவ்வொருவரும் எவ்வளவு கூட்டிக் குறைத்து ஓட்டுவார்கள் என்ற வேகக் காரணியின் பரவலையும் பூஜ்யம் ஆக்கியிருந்தால் எல்லா ஓட்டுநரும் அச்சில் வார்த்த மாதிரிதான் இருப்பார்கள்.

வண்டிக்குள் வண்டி போகிறது, அல்லது பின்னோக்கி ஓடுகிறது

சுமோவில் என்றால் நேர அடியை, அதாவது எத்தனை விநாடிக்கு ஒருமுறை கணக்குப் போகிறது என்பதைப் பாருங்கள், சொல்லாவிட்டால் 1 விநாடி. இடைவெளி நேரத்தை 0.6-க்குக் குறைத்துவிட்டு நேர அடியை 1-லேயே விட்டால் ஓட்டுநருக்கு எதிர்வினை காட்ட நேரமே இல்லை, இடிக்கத்தான் செய்வான். இடைவெளி நேரம் எப்போதும் நேர அடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நெரிசல் வேலைக்கு 0.1 முதல் 0.25 விநாடி நல்லது. அப்புறம் மோதிய வண்டியையும் சுமோ டெலிபோர்ட் செய்துவிடும், அந்த அமைப்பை எச்சரிக்கை மட்டும் கொடு என்று மாற்றி வையுங்கள்.

சொந்தமாக எழுதியவர்கள் வேகம் பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எல்லா வண்டியின் பழைய நிலையையும் வைத்து எல்லா ஆக்சிலரேஷனையும் கணக்கிட்டு முடித்த பிறகே நகர்த்த வேண்டும். ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு ஒவ்வொன்றாக நகர்த்தினால் வரிசையில் முன்னே இருப்பவனுக்கு ஒரு நியாயம், பின்னே இருப்பவனுக்கு ஒரு நியாயம் ஆகிவிடும்.

இவற்றைவிட மோசமான ஒன்று இருக்கிறது. இடைவெளி என்பது முன்வண்டியின் வால் முதல் என் மூக்கு வரை. இருவரின் இடமும் மூக்கை வைத்துக் குறிக்கப்பட்டிருந்தால், வித்தியாசத்திலிருந்து முன்வண்டியின் நீளத்தைக் கழிக்க வேண்டும். பல புரோகிராம்களில் தன் நீளத்தைக் கழித்திருப்பார்கள். கார்கள் மட்டும் ஓடும்வரை இந்தத் தப்பு வெளியே வராது, எல்லாம் 5 மீட்டர் என்பதால் விடை ஒன்றே. பதினெட்டு மீட்டர் டிரெய்லரில் கிரானைட் கல் ஏற்றி ரோட்டில் விட்ட நாளன்று பின்னால் வரும் கார் அதன் பின்சக்கரத்துக்குள் புகுந்து நிற்கும். காருக்குப் பின்னால் வரும் டிரெய்லரோ காரணமே இல்லாமல் பதினைந்து மீட்டர் தள்ளி நிற்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வேறு எங்கும் தேட வேண்டாம், அந்த ஒரு வரிதான்.

லேன் விஷயங்கள்

வரைபடத்தை ஓபன் ஸ்ட்ரீட் மேப்பிலிருந்து எடுத்து, லெஃப்ட்-ஹேண்ட் என்று சொல்லாமல் மாற்றியிருந்தால் சுமோ அதை வலப்பக்கம் ஓட்டும் நாடாகத்தான் எடுத்துக்கொள்ளும். சர்வீஸ் ரோடு தப்பான லேனில் வந்து சேரலாம், முந்துவதும் தப்பான பக்கம் நடக்கும். இது முதல் சோதனை.

அடுத்து, சிமுலேஷனில் வலது லேன் காலியாக இருக்கிறது, லாரிகள் சமர்த்தாக இடது ஓரம் போகின்றன என்றால், மென்பொருள் விதிப்படி நடக்கிறது. நம் லாரிக்காரர்கள் மீடியனை ஒட்டியே போவார்கள். இடது ஓரத்தில் டூவீலர், பஸ் நிறுத்தம், எதிரே ராங் சைடில் வரும் டிராக்டர் எல்லாம் இருக்கிறது, அவர்கள் நியாயம் அவர்களுக்கு. லாரி வகைக்கு மட்டும் ஓரம் ஒதுங்கும் ஆசையை, கீப்-ரைட் என்ற பேரில்தான் இருக்கும், பூஜ்யம் ஆக்குங்கள். கார்கள் இடப்பக்கம் வழியாக முந்துவதையும் அனுமதித்தால்தான் ஓசூர் ரோட்டின் சாயல் கொஞ்சமாவது வரும்.

சர்வீஸ் ரோட்டிலிருந்து வரும் வண்டி முடுக்கு லேனின் முனையில் போய் நின்று, அப்படியே நிற்கிறதா? மெயின் லேன்காரர்கள் இடம் கொடுக்கும் ஒத்துழைப்பையும், நுழைபவனின் அடாவடியையும் கொஞ்சம் ஏற்றுங்கள். கொஞ்சம் என்றால் கொஞ்சம். அடாவடியை அள்ளிக் கொடுத்தால் ஒவ்வொரு நுழைவும் பின்னால் ஒரு திடீர் பிரேக்காகி, நீங்கள் கேட்காத அலைகள் வரிசையாகக் கிளம்பும்.

டூவீலர்கள் லாரிகளுக்கு நடுவே புகுந்து முன்னால் போக வேண்டும் என்றால் சாதாரண லேன் மாடலில் நடக்காது, ஒரு லேனுக்குள்ளேயே பக்கவாட்டில் நகரவிடும் சப்லேன் மாடலைத் திறக்க வேண்டும். கம்ப்யூட்டர் திணறும். டோலுக்கு முன் அரை கிலோமீட்டருக்குத் தேவைப்படும், மலைப்பாதைக்கு வேண்டியதில்லை.

சராசரி வேகம் மட்டும் ஒத்துவரவில்லை

நீங்கள் ஒப்பிடும் இரண்டும் ஒரே சராசரியா என்று பாருங்கள். ஒரு இடத்தில் நின்று அளக்கும் வேகமானி வண்டிகளின் வேகத்தைக் கூட்டி வகுக்கும். ஒரு வண்டி 20, இன்னொன்று 80 என்றால் அது 50 சொல்லும். அதே இரண்டும் ஒரு கிலோமீட்டரைக் கடக்கும் நேரத்தை வைத்துக் கணக்கிட்டால் 32. ஜாமில் வேகங்கள் சிதறிக் கிடப்பதால் இந்த வித்தியாசம் அங்கேதான் பெரிதாகக் கடிக்கும். இதைத் தெரியாமல் ஓட்டுநரைத் திருகிச் சரிக்கட்டியவர்களின் மாடல் அடுத்த நாள் டேட்டாவில் கவிழ்ந்துவிடும்.

கலிஃபோர்னியா நெடுஞ்சாலைகளின் என்ஜிசிம் என்ற நிஜ டிராபிக் டேட்டாவை எடுத்து மாடலின் எண்களை அதற்குப் பொருத்துகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2005-ல் விநாடிக்குப் பத்து முறை என்று வீடியோவிலிருந்து எடுத்த பாதைகள் அவை, அருமையான சொத்து, ஆனால் இடத்தை இரண்டு முறை வகையிட்டு ஆக்சிலரேஷன் எடுத்தால் எந்தக் காராலும் முடியாத எண்கள் வரும். முதலில் வழுவழுப்பாக்குங்கள். அந்த எண்கள் அமெரிக்கக் கார் ஓட்டிகளுடையவை என்பதையும் நினைவில் வையுங்கள், காவேரிப்பட்டினத்தில் லோடு ஏற்றிய டாரஸுக்கு அவற்றை மாட்டிவிட முடியாது.

சீடை, அதாவது தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் எண்ணை, மாற்றினால் விடை தலைகீழாகிறது என்றால் அது பிழையல்ல, நெரிசல் தொடங்கும் விளிம்பில் நிற்கிறீர்கள். பல சீடில் ஓட்டிப் பரவலையே காட்டுங்கள்.

தொப்பூரில் எல்லாமே பொய்யாகத் தெரிகிறது

தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கம், திரும்பி வரும்போது ஏற்றம். சிமுலேஷனில் ஏறும் லாரி சமதளம் மாதிரி 60-ல் ஏறிவிடும். உயர எண்களை எல்லாம் ஒழுங்காகக் கொடுத்திருந்தாலும் அப்படித்தான், ஏனென்றால் வழக்கமான பின்தொடர் மாடல்கள் சரிவைக் கண்டுகொள்வதில்லை, புகைக் கணக்கில்தான் அது சேரும்.

கையால் போட்டுப் பாருங்கள். 40 டன் லாரி, 4 சதவீத ஏற்றம் என்று வைத்துக்கொண்டால் ஈர்ப்புவிசை மட்டும் பின்னால் இழுப்பது 15,700 நியூட்டன். டயர் உராய்வைச் சேர்த்தால் 18,000-க்கு மேல். 200 குதிரைத்திறன் எஞ்சினில் சக்கரத்துக்குப் போய்ச் சேர்வது 130 கிலோவாட் என்றால், விநாடிக்கு 7 மீட்டர், மணிக்கு 25 கிலோமீட்டர். அவ்வளவுதான் அந்த வண்டியால் முடியும். லோடு லாரிக்குத் தனி வகை, ஏற்றத் துண்டுக்குத் தனி வேக வரம்பு என்று பிரித்துக் கொடுங்கள். கொடுத்ததும் அதன் பின்னால் பஸ்களும் கார்களும் சேர்வதும், ஒரு லாரி இன்னொன்றை 27-ல் முந்தப் போய் இரண்டு லேனையும் அடைப்பதும் தானாக வரும்.

இறக்கத்தில் நியாயமான லாரிக்காரர் கீழ் கியரில் இறங்குவார், அதற்கும் வகைவாரியாகக் குறைந்த வேகம் கொடுத்தால் போதும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவரையும், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவதையும் கொண்டுவர முடியாது. க்ராவுஸ், கிப்ஸ், ஐ.டி.எம். என்ற பின்தொடர் மாடல்கள் எல்லாமே மோதாமல் இருக்கும்படி எழுதப்பட்டவை. அங்கே மோதல் வந்தால் அது விபத்தல்ல, உங்கள் நேர அடியோ கழித்த நீளமோ தப்பு.

அதனால் வேகத்தடை வைத்தால் எத்தனை விபத்து குறையும் என்று ரிவ்யூவில் யாராவது கேட்டால் எண் சொல்லாதீர்கள். முன்வண்டியை இதே வேகத்தில் நெருங்கினால் மோத எத்தனை விநாடி என்று ஒவ்வொரு ஜோடிக்கும் கணக்கிட்டு, அது குறைந்துபோகும் தருணங்கள் எந்த இடத்தில், எந்த வகை வண்டிகளுக்கு நடுவில் சேர்கின்றன என்ற படத்தைக் கொடுங்கள். பிரேக் போன லாரி அந்தப் படத்தில் இல்லை என்பதைப் படத்துக்குக் கீழேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.